மூட்டுவலி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையா? மூட்டு தேய்ந்தவர் நடக்கலாமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூட்டுவாதத்தால் யாரும் சாவதில்லையே, அதை ஏன் இதய நோய், நீரிழிவு வரிசையில் வைத்துப் பெரிய பொதுச் சுகாதாரச் சுமை என்கிறார்கள் என்பது முதலாவது. இரண்டாவதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்கள்: 58 வயது அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து "மூட்டு தேய்ந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள், அன்றிலிருந்து அவர் நடப்பதையே குறைத்துக்கொண்டார், அது சரியா? உங்களைத் தூங்கவிடாதது இந்த இரண்டாவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சுமையில் ஒரு பங்கு, உங்கள் அம்மா செய்ததையே உலகெங்கும் பலர் செய்வதால் ஏறுவதுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். பல ஆண்டுகள் முழங்கால், இடுப்பு, கை மூட்டு நோயாளிகளோடு வேலை பார்த்துவிட்டுப் பிறகு பொதுச் சுகாதாரம் படித்தவன். மருந்து எழுதுவது என் வேலையல்ல. மருந்தைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆய்வுகளும் சிகிச்சை வழிகாட்டுதல்களும் சொல்வதைத்தான் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் முழங்காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. இதைப் படிக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

ஒரு நோய் எவ்வளவு பெரியது என்பதை நெடுங்காலம் சாவை எண்ணித்தான் அளந்தார்கள். அந்தக் கணக்கில் மூட்டுவாதம் கண்ணுக்கே தெரியாது. 1993-இல் உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை புதிய அளவுகோல் ஒன்றை முன்வைத்தது: அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு, உயிரோடு இருந்தும் உடல் ஒத்துழைக்காமல் கழித்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுவது. அப்படி எண்ணத் தொடங்கியதும் முதுகுவலியும் மூட்டுவலியும் பட்டியலில் மேலே ஏறின. உலக நோய்ச்சுமை ஆய்வின்படி 2020-இல் சுமார் 59.5 கோடி பேருக்கு மூட்டுத் தேய்மானம், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், இருந்தது. உலக மக்கள்தொகையில் இது 7.6 விழுக்காடு. 1990-ஐ விட எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல். 70 வயதைத் தாண்டியவர்களிடம் இயலாமைக்கான காரணங்களில் இது ஏழாவது இடம். 2050-இல் நூறு கோடியை நெருங்கும் என்கிறது அதே கணிப்பு.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பல நாடுகளில் நேரடிக் கணக்கெடுப்பே இல்லை. அக்கம்பக்கத்துத் தரவுகளை வைத்து மாதிரிக் கணக்குப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர், வலி இருப்பதாகச் சொன்னவர், மருத்துவர் பெயரிட்டுச் சொன்னவர் என்று யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தும் தொகை மாறும். ஆகவே தசமப் புள்ளிகளை நம்ப வேண்டாம், பரிமாணத்தை நம்பலாம். உயர்வுக்குப் பெரும்பங்கு காரணம் மக்கள்தொகை கூடியதும் நாம் அதிக வயது வாழ்வதும்தான். மூப்பை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் மூட்டுத் தேய்மானச் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உடல் எடையோடு தொடர்புடையது என்று அதே ஆய்வு சொல்கிறது. விளையாட்டிலோ விபத்திலோ முழங்காலின் முன் தசைநார் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து இருபது ஆண்டுகளில் தேய்மானம் வந்துவிடுகிறது. குனிந்து மண்டியிட்டுச் சுமை தூக்கும் வேலைகளும் முழங்காலைப் பாதிக்கின்றன. இவை மூன்றிலும் ஏதாவது செய்ய முடியும். கால்பந்தாட்டக்காரர்களுக்கென்று வந்த 'ஃபிஃபா 11 பிளஸ்' போன்ற இருபது நிமிட முன்பயிற்சி காயங்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அதற்குத் தேவை ஒரு மைதானமும் அக்கறையுள்ள பயிற்சியாளரும். இருந்தும் பள்ளி அணிகளில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

சாவதில்லை என்று சொன்னீர்களே, அதுவும் முழு உண்மையல்ல. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உடல் முழுக்க ஓடும் அழற்சி ரத்தக் குழாய்களையும் விடுவதில்லை. மூட்டுத் தேய்மானம் வேறு வழியில் வேலை செய்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கெடுப்புகளில், இதய நோயோ நீரிழிவோ உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ ஒரு மூட்டுவாதமும் இருக்கிறது. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு முழங்காலில் வந்து நின்றுவிடுகிறது. வலியால் நடை குறைகிறது, நடை குறைந்ததால் சர்க்கரையும் எடையும் ஏறுகின்றன, ஏறிய எடை முழங்காலை அழுத்துகிறது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். முழங்காலின் பெயர் அதில் வராது.

யார் மேல் இந்தச் சுமை விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் சுமார் அறுபது விழுக்காடு பெண்கள், முடக்குவாதத்தில் சுமார் எழுபது விழுக்காடு. முடக்குவாதம் உலகில் ஏறத்தாழ 1.76 கோடிப் பேருக்குத்தான் என்றாலும், பலருக்கு அது உழைத்துச் சம்பாதித்துக் குழந்தை வளர்க்கும் வயதிலேயே தொடங்குகிறது. விரல்கள் மடங்காதவர் தட்டச்சு செய்யவோ தைக்கவோ முடியாது. முதலில் வேலை நேரம் குறையும், பிறகு வேலையே போகும். அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவரின் நேரம் போகும். இந்த இரண்டாவது இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒழுங்காக ஏறுவதில்லை. தூக்கம் கெடுவதும் மனச்சோர்வும் இதோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைத் தனியாகக் கவனிக்காமல் மூட்டுக்கு மட்டும் சிகிச்சை செய்தால் வலி முழுதாகக் குறைவதில்லை. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் அம்மா. நடக்கலாமா என்பதற்கு முன்னால், இருப்பது எந்த மூட்டுவாதம் என்று தெரிந்தாக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, சிகிச்சை ஒன்றுக்கொன்று நேரெதிராகக்கூட இருக்கும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கமாக இருந்து அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடுகிறது, நடந்தால் வலி கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, இரண்டு கைகளிலும் விரல் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன, உடல் அசதியாக இருக்கிறது என்றால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். இளவயதில் முதுகுவலி, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைகிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். இரவோடு இரவாகக் கால் பெருவிரல் அடி சிவந்து, போர்வை பட்டாலே உயிர்போகும் வலி என்றால் கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வருவது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியிருந்தால் "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடக் கூடாது. சில வகைகளில் கண்ணும் சத்தமில்லாமல் பாதிக்கப்படும். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு: ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்று இருந்தால் சில நாட்களில் மூட்டையே அழித்துவிடும், உயிருக்கும் ஆபத்து.

ரத்தப் பரிசோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் நோயே இல்லாதவர்களிடமும் பாசிட்டிவாக வரும், நோய் உள்ள சிலரிடம் நெகட்டிவாக வரும். யூரிக் அமிலம் கூடுதலாக உள்ள பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. கவுட் தாக்கும் நாளில் அதே அளவு இயல்பாகக் காட்டவும் கூடும். விரலால் அழுத்திப் பார்த்து, கதை கேட்டு, அதற்குப் பிறகு பரிசோதனையைப் பார்ப்பவரே நல்ல மருத்துவர்.

முடக்குவாதம் என்று சந்தேகம் வந்தால் அங்கே அவசரம் உண்டு, ஆகவே அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். அறிகுறி தொடங்கி முதல் சில மாதங்களுக்குள், முடிந்தால் மூன்று மாதத்துக்குள், நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்கினால் மூட்டு கோணிப்போவதைப் பெருமளவு தடுக்க முடிகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தத் துறையில் மிக உறுதியான உண்மைகளில் இது ஒன்று. 1948-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு நொறுங்குவது, சர்க்கரை ஏறுவது, தொற்று என்று அதன் விலை பிறகுதான் தெரிந்தது. இன்றும் ஸ்டீராய்டு பயன்படுகிறது, ஆனால் மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்கான பாலமாக. அடித்தளம் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து, ஃபோலிக் அமிலத்தோடு. தினசரி மாத்திரை என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அதனால் எந்தக் கிழமை என்று காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்வேன். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அதை எடுக்கக் கூடாது. அவர்களுக்குப் பாதுகாப்பான வேறு மருந்துகள் உண்டு. மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு 1998 முதல் உயிரியல் மருந்துகள், அதாவது அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுக்கும் மருந்துகள், வந்துள்ளன. தொடங்கும் முன் உறங்கிக் கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புகைப்பழக்கம் இந்த நோயை வரவழைப்பதிலும் முற்றவைப்பதிலும் பங்கு வகிக்கிறது, நிறுத்துவதும் சிகிச்சைதான்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கும் பொடியோ மாத்திரையோ மூன்றே நாளில் வலியைத் துடைத்துப் போட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அப்படிக் கலந்தவை பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இருப்பது முழங்கால் தேய்மானம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அந்த எக்ஸ்ரே எவ்வளவு பேசுகிறது? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத, ஐம்பது வயதைக் கடந்த 710 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 89 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. வலி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. படம் மோசமாக இருந்து நன்றாக நடப்பவர்களும், படம் சுமாராக இருந்து படி ஏற முடியாதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வழக்கமான அறிகுறிகள் இருந்தால் தேய்மானத்தைக் கண்டறியப் படமே தேவையில்லை என்கிறது.

மூட்டை வண்டி டயர் மாதிரி நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. டயர் ஓடஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் மிஞ்சும். குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் அதற்குள் போகிறது. அசைக்காமல் கட்டுப்போட்டு வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிவது நன்கு தெரிந்த விஷயம். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையும் ஓய்வில் சுருங்கும், அதன் பிறகு ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டில் விழும். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தது. இதிலிருந்து ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நல்ல முழங்கால் உள்ளவர்களே ஓட்டத்தில் நிலைத்திருப்பார்கள் அல்லவா. ஓட்டமே மூட்டை அழிக்கும் என்ற பயத்துக்கு இது இடம் தரவில்லை, அவ்வளவுதான். போட்டிக்கு ஓடுபவர்களிடம் விழுக்காடு மறுபடி கூடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அம்மா நடக்கலாம், நடக்க வேண்டும். ஆனால் நடை மட்டும் போதாது. தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தேவை. நான் பெரும்பாலும் நாற்காலியில்தான் தொடங்குவேன். கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது, இறங்கும்போது கட்டுப்படுத்துவதில்தான் பயன். முடியவில்லை என்றால் இருக்கைமேல் கனமான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்து முறை சிரமமில்லாமல் வந்ததும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, குதிகாலை உயர்த்துவது. பக்கவாட்டுப் பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் உள்ளே மடங்காமல் பிடித்து வைப்பது இடுப்புத் தசைதான்.

பயிற்சியின்போது வலிக்கும். வலித்தால் நிறுத்திவிடு என்று சொல்லித்தான் பாதிப் பேரைப் படுக்க வைத்திருக்கிறோம். 0 முதல் 10 வரையிலான அளவில் ஐந்து வரை வலி வரலாம், அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் போதும். திரும்பவில்லை என்றாலோ வீக்கம் கூடினாலோ அளவைக் குறையுங்கள், விட்டுவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று அம்மா சொல்வார், அதற்குத் தயாராக இருங்கள். நடையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். கைத்தடி வைத்துக்கொள்வதானால் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

பயிற்சியைப் பற்றி மிகையாகச் சொல்லிவிடக் கூடாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சராசரிப் பலன் மிதமானதுதான், 100 புள்ளி வலி அளவில் பத்துப் புள்ளிக்கு அக்கம்பக்கம். வலி மாத்திரை தருவதோடு ஒப்பிடக்கூடிய பலன் அது, ஆனால் இதில் குடல் புண்ணாவதில்லை, இதயத்துக்கும் தசைக்கும் எலும்புக்கும் கூடுதல் லாபம் உண்டு. விட்டால் பலனும் போய்விடும். அதனால்தான் கூட்டாகச் செய்யும் திட்டங்கள் பலரை நிலைக்க வைக்கின்றன. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' திட்டத்தில் நோயைப் புரியவைக்க இரண்டு வகுப்புகள், பிறகு ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகள், அவ்வளவுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பல நாடுகள் அதைப் பின்பற்றிவிட்டன. பொதுச் சுகாதாரமாகப் பார்த்தால் என் ஆதங்கம் இங்கேதான். எல்லா வழிகாட்டுதல்களும் முதலில் எழுதும் சிகிச்சை பயிற்சி, நோயாளிக்குக் கடைசியாகக் கிடைப்பதும் அதுவே. படம் எடுப்பதும் மாத்திரை எழுதுவதும் ஐந்து நிமிடம். ஒருவருக்கு நாற்காலியிலிருந்து எழக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் வேண்டும், அதற்கு ஆளும் வேண்டும்.

எடை: அம்மாவுக்குக் கூடுதல் எடை இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள், எல்லா முழங்கால் வலிக்கும் எடை காரணமல்ல. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்தார்கள். ஐந்து விழுக்காடு குறைந்தாலே பலன் தெரியும், பத்து என்றால் இன்னும் நன்று. 2013-இல் வந்த 454 பேர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தவர்களைவிட வலி அதிகம் குறைந்தது. 2024-இல் வந்த ஆய்வில், எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொண்ட பருமனான முழங்கால் நோயாளிகளுக்கு எடை சராசரியாக 13.7 விழுக்காடு குறைந்தது, வலியும் போலி ஊசி போட்டவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. யாருக்கு, எத்தனை ஆண்டு, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் மருத்துவரோடு பேச வேண்டியவை. "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது மட்டும் சிகிச்சை ஆகாது.

மருந்துகளில், முழங்காலுக்கும் கைக்கும் முதலில் மேலே தடவும் டைக்ளோஃபினாக் வகை ஜெல். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. அது போதாதபோது அதே வகை மாத்திரை, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய், குடல் புண், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கேட்காமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. 2004-இல் ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பு அபாயத்தால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்த வகை மருந்துகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது போதும். பாரசிட்டமால் இந்த வலிக்கு எதிர்பார்த்த அளவு உதவுவதில்லை. 2018-இல் 240 பேரிடம் நடந்த ஓராண்டு ஆய்வில், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகள் முதுகு, இடுப்பு, முழங்கால் வலியில் சாதாரண வலி நிவாரணிகளைவிட மேலாக இல்லை, பக்க விளைவுதான் கூடுதல்.

ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருப்பது வேறு விஷயம்: 2017-இல் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்ததில், உப்புநீர் ஊசியைவிட வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு சற்று அதிகமாகவே குறைந்திருந்தது. 2020-இல் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டதில் ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். என் தொழிலுக்குச் சாதகமான முடிவு என்பதால் அதைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் படித்தேன். என்ன சிகிச்சை என்று நோயாளிக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி 2021-இல் 288 பேரிடம் உப்புநீரைத் தாண்டவில்லை. மூட்டுக்கென்று விற்கும் துணைச்சத்து மாத்திரையான குளுக்கோசமைன் 2006-இல் 1,583 பேரிடம் மொத்தத்தில் வெற்றுமாத்திரையைத் தாண்டவில்லை. வலி மிகுந்த ஒரு சிறு குழுவில் மட்டும் காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு துணைச்சத்தோடு சேர்ந்து பலன் தெரிந்தது. அதை உறுதியாக எடுக்க முடியாது. துளையிட்டு மூட்டைக் "கழுவிச் சுத்தம் செய்யும்" சிகிச்சையை 2002-இல் 180 பேரிடம், தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டு தரப்பும் ஒன்றே. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து என்று இன்றுவரை அங்கீகாரம் பெற்றது எதுவும் இல்லை. விளம்பரம் எப்படிச் சொன்னாலும் சரி.

மூட்டு மாற்று அறுவை நல்ல சிகிச்சை, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில். பொருத்திய முழு முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்று 2019-இல் நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். மறுபக்கம், மாற்றிய பிறகும் ஐந்தில் ஒருவர் வரை வலி நீடிப்பதாகச் சொல்கிறார்கள். 2015-இல் டென்மார்க்கில் அறுவைக்குத் தகுதியான நூறு பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு மூட்டு மாற்றும் பயிற்சித் திட்டமும், மீதிப் பேருக்குப் பயிற்சித் திட்டம் மட்டும். ஓராண்டில் அறுவை செய்தவர்களுக்கு முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்கு, கூடவே கடுமையான பக்க விளைவுகளும் அதிகம். அறுவை இல்லாத பிரிவில் நான்கில் மூன்று பேர் அந்த ஓராண்டில் அறுவைக்கே போகவில்லை. இரண்டு விதமாகவும் இதைப் படிக்கலாம், இரண்டும் சரியே. எக்ஸ்ரேயையும் வயதையும் மட்டும் வைத்து அவசரப்படத் தேவையில்லை. அதேபோல், இரவில் தூங்க முடியாமல், வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனவரை "இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்" என்று வருடக்கணக்கில் காக்க வைப்பதும் தவறு. அதற்குள் தசை போய்விட்டால் அறுவைக்குப் பிறகு எழுவதும் கடினமாகிவிடும்.

58 வயதில், இன்னும் நடக்க முடிகிற நிலையில், நான் முதலில் பார்ப்பது பன்னிரண்டு வாரப் பயிற்சி. தொடங்கும் நாளில் மூன்றை எழுதி வையுங்கள்: நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்கிறார், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார், வாரத்தில் எத்தனை இரவு வலி எழுப்புகிறது. பன்னிரண்டாவது வாரம் மறுபடி எழுதுங்கள். எண்கள் முன்னேறியிருந்தால் தொடருங்கள். அப்படியே நின்றாலோ பின்வாங்கினாலோ அந்தத் தாளோடு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். இடையில் முழங்கால் சூடாகி வீங்கினாலோ, பூட்டுப் போட்டது போல் நீட்ட முடியாமல் நின்றுவிட்டாலோ, காலையிறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.